காரணம் எழுதாத வரி

என் மேஜை இழுப்பறையில் ஏழு நோட்டுகள் இருக்கின்றன. மளிகைக் கடையில் பற்றுவரவு எழுதுவார்களே, அந்த நீள நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு கிழித்து மூன்று கட்டமாகப் பிரித்திருப்பேன். முதல் கட்டத்தில் வீட்டுக்காரர் சொன்னது. இரண்டாவதில் நான் போய்ப் பார்த்தது. மூன்றாவதில் காரணம். 2005-இல் ஆரம்பித்த பழக்கம்.

முதல் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்தால் ஸ்ரீராமஜெயம் எழுதிய நோட்டு மாதிரி இருக்கும். நெட் வரலை, நெட் வரலை, நெட் வரலை. மூன்றாவது கட்டத்துக்கு வந்தால்தான் ஊர் தெரியும்: எலி. பல்லி. இடி. அடாப்டர். பாஸ்வேர்டு. பேட்டரி. பெயிண்டர். ஒரு வரியில் 'மருமகன்' என்றுகூட எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு வரியில் மட்டும் அந்தக் கட்டம் ஆறு வருஷம் காலியாகவே கிடந்தது.

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது நான் வேலை பழகிய கடை. கடைக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்போம். ரேடியோ, டேப்ரெக்கார்டர், கலர் டிவி என்று வரிசையாகப் பழுது பார்த்துவிட்டுக் கடைசியில் கம்ப்யூட்டருக்கு வந்தவர். ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் எந்தப் பெட்டியையும் திறப்பதற்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா பார்ப்பார். கோயிலில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி மேஜையைச் சுற்றி வருவார். எனக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிந்த வயது.

2004-இல் மத்திய அரசு வெளியிட்ட கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அது பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. அடுத்த வருஷம் பி.எஸ்.என்.எல். 'டேட்டா ஒன்' என்ற பேரில் வீடுகளுக்கு இணைப்புக் கொடுக்கத் தொடங்கியது. அதுவரை டெலிபோன் ஒயரில் கீச்சுக் குரலில் கத்திக் கத்தி இணைந்துகொண்டிருந்த கம்ப்யூட்டர்களுக்குப் பக்கத்தில், விளக்கு மினுக்கும் ஒரு சின்னப் பெட்டி வந்து உட்கார்ந்தது. கூடவே ஒரு புதுப் புகாரும் வந்தது. எங்கள் தொழிலில் அன்றைக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான்: ஃபார்மட் அடிப்பது.

வில்லாபுரத்தில் ஒரு வீடு. காலை பத்து மணிக்குப் போனேன். நெட் வரவில்லை. இரண்டு நிமிஷம் மவுஸை ஆட்டிவிட்டு, "சிஸ்டத்துல வைரஸ்ங்க, ஃபார்மட் அடிக்கணும்" என்றேன். வீட்டுக்காரர் தலையாட்டினார். எக்ஸ்.பி. சி.டி.யைப் போட்டு, டிரைவர் எல்லாம் ஏற்றி முடிக்கும்போது மதியம் ஒன்றரை. நெட் வரவில்லை. மாஸ்டருக்குப் போன் போட்டேன். சைக்கிளில் வந்தார். வழக்கம்போல ஒரு பிரகாரம் சுற்றினார். பெட்டியின் பின்பக்கம் குனிந்து ஒயரை ஒரு விரலால் அழுத்தினார். 'டக்' என்று சத்தம் கேட்டது. பச்சை விளக்கு எரிந்தது.

லான் கேபிளின் முனையில் நகம் மாதிரி ஒரு பிளாஸ்டிக் கொக்கி இருக்கும். அது ஒடிந்திருந்தது. கேபிள் துளைக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்ததே தவிர, உட்காரவில்லை.

அதற்குள் நான் அந்த வீட்டுப் பெண் காலேஜுக்காக அடித்து வைத்திருந்த ப்ராஜெக்ட்டை அழித்திருந்தேன். அச்சடித்த பிரதி ஒன்று அவளிடம் இருந்தது என் நல்ல காலம். இரண்டு ராத்திரி கடையில் உட்கார்ந்து அத்தனை பக்கத்தையும் திரும்ப டைப் அடித்துக் கொடுத்தேன். மாஸ்டர் திட்டவில்லை. மூன்றாம் நாள் ஒரு நீள நோட்டை வாங்கி வந்து என் முன்னால் போட்டார். "அவுக சொல்றத ஒரு பக்கம் எழுது. நீ கண்ணால பாத்தத ஒரு பக்கம் எழுது. ரெண்டையும் எழுதுற வரைக்கும் கைய வைக்காத. காரணம் கெடச்சா மூணாவது எழுதிக்க."

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் விளக்கைப் பார்க்கிறேன். கேபிள் சொருகும் இடத்தில் விளக்கு எரியாவிட்டால் கோளாறு ஒயரில். மென்பொருளை நோண்ட வேண்டியதே இல்லை. மடிக்கணினி என்றால் அதன் முன் விளிம்பைத் தடவிப் பார்ப்பேன். அந்தக் காலத்து மாடல்களில் அங்கே வைஃபைக்கு ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும். பையில் போட்டு எடுக்கும்போது நகர்ந்துவிடும். அதைத் தள்ளிவிட்டுக் காசு வாங்கக் கூச்சமாக இருக்கும். வந்து போன பெட்ரோலுக்கு மட்டும் வாங்குவேன்.

கேபிளிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உள்ளே எட்டு ஒயர், நான்கு ஜோடி. கிரிம்ப் பண்ணக் கற்றுக்கொள்பவன் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்ய வேண்டிய வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. நடுவில் பச்சை ஜோடி பிரிந்து நீல ஜோடியைத் தாண்டி உட்காரும். புதுப் பையன்களுக்கு இது பிடிக்காது. ஜோடி ஜோடியாக, பார்க்க அழகாக அடுக்கிவிடுவான். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி அடுக்கினால் டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும். கடை மேஜையில் இரண்டடிக் கேபிளில் நெட்டும் வரும். மாடிக்கு இழுத்த கேபிளில் வராது, அல்லது வந்து வந்து போகும். ஒவ்வொரு ஜோடியையும் முறுக்கி வைத்திருப்பதே வெளியிலிருந்து வரும் இரைச்சலை ஒன்றுக்கொன்று கழித்துவிடத்தான். மூன்றாவது இடமும் ஆறாவது இடமும் ஒரே முறுக்கைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். வேறு வேறு முறுக்கின் ஒயர்களைப் போட்டால் பக்கத்து ஜோடியின் பேச்சும் இதில் கேட்கும். டெஸ்டரோ ஒயர் அறுந்திருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். இந்தப் பாடத்துக்கு நான் மூன்று முறை மாடி ஏறினேன்.

விளக்கு எரிகிறது, ஆனாலும் நெட் வரவில்லை என்றால் அடுத்த வேலை எண்ணைப் பார்ப்பது. கறுப்பு ஜன்னலைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று அடித்தால் கம்ப்யூட்டர் தன் விலாசத்தைச் சொல்லும். பெரும்பாலான வீடுகளில் 192.168 என்று ஆரம்பிக்கும். "எங்க வீட்டு நம்பரும் அதான், எங்க மச்சான் வீட்டு நம்பரும் அதான், எப்படிங்க?" என்று ஒருவர் கேட்டார். ஊருக்கு ஊர் மேலத்தெரு இருக்கிறதே, அந்த மாதிரிதான். 32 பிட்டில் எழுதும் இந்த விலாசங்கள் மொத்தமே ஏறத்தாழ 429 கோடி. உலகத்துக்குப் போதாது என்று தெரிந்ததால், வீட்டுக்குள் மட்டும் புழங்க என்று சில வரிசைகளை ஒதுக்கினார்கள். அந்த ஏற்பாடு 1996-இல் எழுத்தில் உறுதியானது. நம் மேலத்தெருவுக்கும் அடுத்த ஊர் மேலத்தெருவுக்கும் தபால் மாறிப் போகாததுபோல இங்கேயும் மாறாது. ஊரின் வாசலில் ரவுட்டர் நிற்கிறது.

169.254 என்று ஆரம்பித்தால் விஷயம் வேறு. இந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு டாக்டர் கிளினிக்தான் ஞாபகம் வரும். உள்ளே நுழையும் கம்ப்யூட்டர் "டோக்கன் கொடுங்க" என்று குரல் கொடுக்கும். ரவுட்டர் ஒரு எண் கொடுக்க வேண்டும். யாருமே பதில் சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர் தானே ஒரு எண்ணை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிடும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு வாசல் தாண்ட முடியாது. விண்டோஸ் அப்புறம் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து போய் டோக்கன் கேட்டுப் பார்க்கும்.

2012-இல் இந்த எண்ணை நான் பார்த்ததுபோல எப்போதும் பார்த்ததில்லை. மின்வெட்டுக் காலம். சென்னைக்கு வெளியே பாதி நாளுக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் இருந்தன. கம்ப்யூட்டர் யூ.பி.எஸ்.ஸில் ஓடிக்கொண்டிருக்கும், மோடம் சுவரில் சொருகியிருக்கும். கரண்ட் வந்ததும் மோடத்தின் விளக்கு உடனே எரியும், ஆனால் உள்ளே அது முழுசாக எழுந்து உட்கார ஒன்றிரண்டு நிமிஷம் ஆகும். விளக்கைப் பார்த்ததுமே கம்ப்யூட்டர் டோக்கன் கேட்கும், பதில் வராது, 169.254-ஐ எழுதிக்கொள்ளும். ஜனங்கள் பொறுமையில்லாமல் எல்லாவற்றையும் அணைத்துப் போட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். அந்த வருஷம் நான் செய்த ரிப்பேரில் பாதி, மோடத்தின் அடாப்டரைப் பிடுங்கி யூ.பி.எஸ்.ஸின் பின்னால் சொருகியதுதான்.

டோக்கன் கொடுக்க ஆளில்லாதது ஒரு வகைச் சிக்கல் என்றால், இரண்டு பேர் கொடுப்பது இன்னொரு வகை. எஸ்.எஸ்.காலனியில் அண்ணன் கீழ் வீடு, தம்பி மாடி. ஒரு இணைப்பை இரண்டு வீட்டுக்கும் பங்கு போட்டிருந்தார்கள். மாடியில் சிக்னல் போதவில்லை என்று தம்பி தனியாக ஒரு ரவுட்டர் வாங்கிக் கேபிளைத் தோன்றிய துளையில் சொருகிவிட்டார். அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் நெட் வரும், போகும், வரும். சொத்து விஷயமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சு வார்த்தை வேறு இல்லை. "அவங்ககிட்ட கேளுங்க, மேல என்ன பண்ணி வச்சிருக்காங்கன்னு" என்பார் கீழே. "அவரு ஏதோ பாஸ்வேர்டை மாத்திட்டாரு போல" என்பார் மேலே. இரண்டு பெட்டிகளுமே தன்னை 192.168.1.1 என்று சொல்லிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தன. மாடிப் பெட்டியிடம் டோக்கன் வாங்கியவர் வெளியே போக வழி கேட்டால் அதற்கு வழி தெரியாது. மாடி ரவுட்டருக்கு 192.168.1.2 என்று வேறு எண் கொடுத்து, டோக்கன் கொடுக்கும் வேலையை அதனிடமிருந்து பிடுங்கி, சிக்னலை மட்டும் பரப்பு என்று விட்டேன். அன்றைக்குப் பதினோரு தடவை படி ஏறி இறங்கினேன். அண்ணன் காபி கொடுத்தார், தம்பி டீ கொடுத்தார்.

எண்ணும் சரி என்றால் மாஸ்டர் சொல்லிக்கொடுத்த வழி, குழாயில் தண்ணி வரவில்லை என்றால் பிளம்பர் தேடுகிற வழிதான். குழாயைத் திற, அப்புறம் மாடித் தொட்டி, அப்புறம் மோட்டார், அப்புறம் தெருக் குழாய். எங்கே வரைக்கும் தண்ணி இருக்கிறது என்று கண்டுபிடித்தால், அடைப்பு அதற்கு அடுத்த முழத்தில் இருக்கும். எங்களுக்கு இதற்கு உதவுவது 'பிங்'. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சின்ன நிரல். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் ஒலியை நினைத்து வைத்த பேர். ஒரு குரல் கொடுத்து எதிரொலிக்குக் காத்திருப்பதுதான் அதன் வேலை. முதலில் 127.0.0.1, அதாவது தன்னையே கூப்பிட்டுப் பார்ப்பது. அடுத்து ரவுட்டர். அடுத்து வெளியே, கூகுள் 2009-இல் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்துவிட்ட 8.8.8.8. கடைசியில் ஏதாவது ஒரு தளத்தின் பெயர். எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயருக்கு வரவில்லை என்றால் பாதையெல்லாம் சரி; இன்னார் வீடு எது என்று சொல்லும் முக்குக் கடைக்காரர்தான் வாய் திறக்கவில்லை. வேறு கடைக்காரரை மாற்றிவிட்டால் முடிந்தது.

நான்கு படியும் சரியாக இருந்தும் ஒரு தளமும் திறக்காத வீடு ஒன்று உண்டு. அண்ணா நகரில் ஓய்வு பெற்ற வங்கிக்காரர். 2017. பிங் போகிறது. போனில் எல்லாம் திறக்கிறது. கம்ப்யூட்டரில் மட்டும் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பில்லை' என்று எச்சரிக்கை. தினமும் காலையில் மட்டும் இப்படி என்றார். மகன் சென்னையிலிருந்து பேசி வைரஸ் என்று சொல்லியிருந்தார். எனக்கு வில்லாபுரம் ஞாபகம் வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரையின் நான்கு மூலையையும் பார்த்தேன். வலது கீழ் மூலையில் தேதி: ஜனவரி 1, 2009.

பூட்டுப் படம் போட்ட தளங்கள் ஒரு சான்றிதழைக் காட்டும். அதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்று இருக்கும். எட்டு வருஷம் பின்னால் நிற்கும் கம்ப்யூட்டருக்கு அத்தனை சான்றிதழும் இன்னும் பிறக்காத பிள்ளையின் ஜாதகம். நம்ப மறுத்துவிட்டது. மதர்போர்டில் எட்டணா அகலத்துக்கு ஒரு 3 வோல்ட் பேட்டரி உண்டு. கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது செத்திருந்தது. ஐயா சிக்கனக்காரர், ராத்திரி படுக்கப் போகும்போது சுவர் ஸ்விட்சையே அணைத்துவிடுவார். ஆகவே ஒவ்வொரு விடியலும் அந்த வீட்டில் 2009. சில்லறைக் காசில் வாங்கிய பேட்டரியைப் போட்டுத் தேதியைத் திருத்தினேன்.

திருநகர் தமிழய்யாவை மறக்க முடியாது. ஓய்வுக்குப் பிறகு ஒரு உரைநூல் எழுதிக்கொண்டிருந்தார். புது ரவுட்டர் வந்ததிலிருந்து லேப்டாப் மட்டும் பாஸ்வேர்டை ஏற்க மறுக்கிறது. "தம்பி, நூறு தடவை அடிச்சுட்டேன். ஒரு எழுத்து பிசகல." நானும் அடித்தேன். ஏற்கவில்லை. என் போனில் அடித்தேன், ஏற்றது. பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் வெறும் புள்ளிகள்தானே தெரியும். எழுத்தைக் காட்டு என்ற கட்டத்தைத் தொட்டதும் புள்ளிகள் விலகின. அங்கே இருந்ததெல்லாம் தமிழ். அய்யா 'தமிழ் 99' விசைப்பலகையில் எழுதுகிறவர். 1999 சென்னை மாநாட்டை ஒட்டி அரசு ஏற்றுக்கொண்ட அந்த விசைப்பலகைக்கான மென்பொருள் எந்நேரமும் விழித்தே இருந்திருக்கிறது. வைஃபை பாஸ்வேர்டோ எட்டிலிருந்து அறுபத்துமூன்றுக்குள், ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் குறியிலும்தான் இருக்க வேண்டும். விளக்கிச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்ப தமிழ்ல தட்டுனா கதவு தொறக்காதுங்கறீங்க" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அய்யா அடுத்த நிமிஷமே சிரித்துவிட்டார்.

அமெரிக்காவிலிருந்து மகள் வாங்கி வந்த லேப்டாப் ஒன்று, வீட்டு வைஃபையின் பெயரையே கண்ணில் காணவில்லை. மற்ற எல்லாக் கருவிகளிலும் பெயர் தெரிகிறது. நம் ஊரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 13 சேனல்கள். அமெரிக்காவில் விற்கும் கருவிகள் பெரும்பாலும் 11-ஓடு நிறுத்திக்கொள்ளும். ரவுட்டர் தானாகவே காலியான இடம் பார்த்து 13-இல் போய் உட்கார்ந்திருந்தது. பதினோராவது படியோடு திரும்பிவிடுகிறவருக்குப் பதின்மூன்றாவது மாடியில் இருக்கும் வீடு எப்படித் தெரியும்? சேனலை 6-க்கு மாற்றினேன். ஒரு நிமிஷ வேலை. அதற்கு முன்னால் அந்த லேப்டாப் இரண்டு கடைகளில் ஃபார்மட் ஆகியிருந்தது.

2020 மார்ச் 25-இல் ஊர் அடங்கியது. எனக்கு வீட்டுக்குள் இருந்தபடியே வேலை வந்து குவிந்தது. ஆபீஸ் வீட்டுக்கு வந்துவிட்டது, பள்ளிக்கூடம் வீட்டுக்கு வந்துவிட்டது. போனிலேயே எல்லாம் பார்க்க வேண்டும். என் கண் இல்லை, இன்னொருவர் கண்ணை இரவல் வாங்க வேண்டும். அப்போதுதான் மாஸ்டர் ஏன் இரண்டு கட்டம் தனித்தனியாகப் போடச் சொன்னார் என்று முழுசாகப் புரிந்தது. பெரியவர்களிடம் "விளக்கு என்ன நிறம்?" என்று கேட்டால், "ரவுட்டர் போயிடுச்சுன்னு நினைக்கிறேன்" என்பார்கள். பார்க்கச் சொன்னால் தீர்ப்புச் சொல்வார்கள்.

ஒத்தக்கடையிலிருந்து ஒரு அப்பா பேசினார். பதினைந்து நிமிஷம் பேசியும் ஒன்றும் தேறவில்லை. "வீட்டுல சின்னப் புள்ளைங்க யாராச்சும் இருக்காங்களா?" என்றேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் போனை வாங்கினாள்.

"அந்தப் பொட்டியில எத்தனை லைட்டு எரியுதுடா?"

"மூணு, அங்கிள். ரெண்டு பச்சை. ஒண்ணு சிவப்பு. சிவப்பு மட்டும் மினுக்குது."

"சிவப்புக்குக் கீழ என்ன எழுதியிருக்கு?"

"எல், ஓ, எஸ்."

ஃபைபர் இணைப்பில் அந்த மூன்று எழுத்தும் சிவப்பில் எரிந்தால், வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். உள்ளே ஓடுவது மயிரிழைக் கண்ணாடி. விரல் சுற்றளவுக்கு மடக்கினால் ஒளி வளைவிலேயே ஒழுகிப் போய்விடும்.

"அந்த மெல்லிசு ஒயர் எங்க போகுதுன்னு விரலை வச்சுக்கிட்டே போம்மா."

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் போனாள். கட்டிலுக்குப் பின்னால், ஜன்னலுக்குக் கீழே, பீரோவுக்குப் பின்னால். "அங்கிள், பீரோ ஒயர் மேல நிக்குது." ஆன்லைன் கிளாசுக்கு மேஜை போட முந்தின நாள்தான் பீரோவைச் சுவரோடு தள்ளியிருக்கிறார்கள். அப்பாவும் பாட்டியும் அதை இழுக்கும் சத்தம் கேட்டது. "அங்கிள், சிவப்பு போயிருச்சு!" நோட்டின் இரண்டாவது கட்டத்தில் அந்தப் பிள்ளை சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். நான் எழுதியிருந்தால்கூட அத்தனை சுத்தமாக இருந்திருக்காது.

இனி அந்தக் காலி வரி.

2016. கோச்சடையில் தனி வீடு. தினமும் சாயங்காலம் நாலரை மணி வாக்கில் நெட் போய்விடுகிறது, கம்ப்யூட்டர் மறுபடி இணைய மாட்டேன் என்கிறது, கொஞ்ச நேரம் கழித்துத் தானாக வருகிறது என்றார் வீட்டுக்காரர். போன்களில் அப்படி ஒன்றும் இல்லையாம். நான் போனது காலை பதினொன்றுக்கு. அப்போது எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அன்றைக்கு இன்னும் நான்கு வீடு பாக்கி. நாலரை வரைக்கும் உட்கார நேரமில்லை. தெரிந்த வித்தையெல்லாம் ஒரே மூச்சில் செய்தேன். சேனலை மாற்றினேன். ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பித்தேன். பெயர் தேடும் சர்வரை மாற்றினேன். புதுக் கேபிள் போட்டேன். அது கொஞ்சம் குட்டையாகப் போனதால் ரவுட்டரை எதிர்ச் சுவருக்கு நகர்த்தி அங்கே இருந்த பிளக்கில் சொருகினேன். ஐந்நூறு ரூபாய் வாங்கினேன். ஒரு வாரம் கழித்து விசாரித்தேன். "இப்ப போறதே இல்லை தம்பி" என்றார்.

நோட்டை எடுத்தேன். முதல் கட்டம் எழுதினேன். இரண்டாவதில் எழுத நான் எதையும் பார்க்கவே இல்லை; அது முதல் தப்பு. மூன்றாவதில் ஐந்து காரணத்தையும் எழுதலாமா என்று பேனாவை வைத்தேன். ஐந்தை எழுதினால் ஒன்றும் தெரியாது என்று எழுதியதுதான். மூடி வைத்துவிட்டேன். வீடு சரியாகிவிட்டது. ஆனால் அதே கோளாறு நாளைக்கு வேறு வீட்டில் வந்தால், நான் மறுபடி ஐந்தையும் செய்ய வேண்டும். ஒவ்வொன்றாக மாற்று, மாற்றினதும் பார் என்று மாஸ்டர் சொன்னது அவசரத்தில் கரைந்துவிட்டது. அவர் அதற்கு முந்தின வருஷம்தான் தவறியிருந்தார். யாரிடமும் கேட்கவும் வழியில்லை.

2022-இல் அதே வீட்டிலிருந்து போன். "தம்பி, பழையபடி நாலரை மணிக்கு நெட் போகுது." இதற்குள் டெலிபோன் ஒயர் போய் ஃபைபர் வந்துவிட்டது. ரவுட்டர் புதுசு, கம்ப்யூட்டரும் புதுசு. 2016-இல் நான் தொட்ட பொருள் ஒன்றுகூட அந்த வீட்டில் மிச்சமில்லை. சுவர் மட்டும் அதே சுவர். பெயிண்ட் அடித்த பிறகு எல்லாவற்றையும் பழையபடி மாற்றி வைத்தார்களாம். ரவுட்டர் திரும்பவும் முதலில் இருந்த இடத்துக்கே போயிருந்தது.

இந்த முறை நாலு மணிக்குப் போனேன். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ரவுட்டருக்கு எதிரே உட்கார்ந்தேன். காபி வந்தது. ஊர்க் கதை பேசினோம். நாலரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அந்த வீட்டம்மா, "இருங்க தம்பி, மோட்டாரைப் போட்டுட்டு வந்துர்றேன்" என்று எழுந்து போனார். கொல்லைப்பக்கம் ஸ்விட்ச் சத்தம் கேட்டது. கூடத்து டியூப்லைட் ஒரு கணம் கண் சிமிட்டியது. ரவுட்டரில் எரிந்துகொண்டிருந்த அத்தனை விளக்கும் அணைந்தன. பிறகு ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன.

மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். மெயினை அணைத்துவிட்டு அந்தச் சுவர் போர்டைத் திறந்தோம். மோட்டாருக்கும் ரவுட்டர் பிளக்குக்கும் ஒரே லைன். ஒரு ஸ்க்ரூ தளர்ந்து, ஒயர் முனை கறுத்திருந்தது. மோட்டார் இழுக்கும்போதெல்லாம் அந்தத் தளர்ச்சியில் கரண்ட் தடுமாற, ரவுட்டர் செத்துப் பிழைத்தது. கம்ப்யூட்டர் யூ.பி.எஸ்.ஸில் இருந்ததால் அது அணையவில்லை. ரவுட்டர் முழுசாக எழுவதற்குள் டோக்கன் கேட்டு, பதில் வராமல், 169.254-ஐ எழுதிக்கொண்டு ஐந்து நிமிஷம் பெஞ்சில் உட்கார்ந்தது. போன்கள் தாமாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிக்கொண்டதால் யாருக்கும் தெரியவில்லை. 2016-இல் நான் செய்த ஐந்தில், குட்டைக் கேபிளுக்காகப் பிளக்கை மாற்றியது ஒன்றுதான் வேலை செய்திருக்கிறது. அதை நான் ஒரு வேலையாகக்கூட நினைத்திருக்கவில்லை.

ஸ்க்ரூவை முறுக்கினோம். அம்மாவை மூன்று தடவை மோட்டாரைப் போட்டு அணைக்கச் சொன்னேன். விளக்கு அசையவில்லை. "எவ்வளவு தம்பி?" என்று வீட்டுக்காரர் பர்ஸை எடுத்தார்.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடியே வாங்கிட்டேன் சார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து மூன்றாவது நோட்டைத் தேடி எடுத்து, அந்த வரியின் கடைசிக் கட்டத்தில் 'மோட்டார்' என்று எழுதினேன்.